கண்மாய் காய்ந்து கிடக்கும்போது நாடகம் தேவையா?

செம்மண்காரன் (வெள்ளி, இரவு 10:15)

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் இங்கேயே நாலு பங்காளி வந்துவிடுவார்கள். எங்கள் கண்மாயில் மூன்று வருடமாகத் தண்ணீர் நிற்கவில்லை. மழை பெய்யாமல் இல்லை, பெய்த மழை வந்து சேரவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பாதித் தூரம் சீமைக்கருவேலத்துக்குள் கிடக்கிறது, மீதி யார் யார் வேலிக்குள்ளோ போகிறது. கேன் தண்ணீர் வாங்காத வீடு இல்லை.

2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து திரும்பிய நாங்கள் ஐந்து பேர் வீதி நாடகம் போட ஆரம்பித்தோம். முகக்கவசம், கை கழுவுவது, அப்புறம் தடுப்பூசி. இப்போது கண்மாய் பற்றி ஒரு நாடகம் தயார் செய்திருக்கிறோம், முக்கால் மணி நேரம். பங்குனித் திருவிழாவில் போட ஊர்க்கூட்டத்தில் கேட்டோம். மைக், விளக்கு, பந்தல், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ஆகும் என்று கணக்குச் சொன்னேன். ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "அந்தக் காசுக்கு நாலு நாள் ஜேசிபி ஓட்டலாமே தம்பி. நாடகம் போட்டா கண்மாய் நிறையுமா?"

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை (வெள்ளி, இரவு 10:52)

பெரியவர் கேட்டது சரி. ஜேசிபிக்குக் கொடுங்கள். நெருக்கடி நேரத்துக் கலை என்பதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் பேச்சு. கொரோனா சமயத்தில் பார்த்தோமே, எமதர்மன் வேஷத்தில் ஒருவர் கதாயுதத்தோடு நடுரோட்டில் நிற்பார், இன்னொருவர் வைரஸ் மாதிரி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வருவார். அரிசி வாங்க வெளியே வந்தவனை மிரட்டியது தவிர அதனால் என்ன நடந்தது? பயத்தில் இருப்பவனை மேலும் பயமுறுத்துவதற்குப் பெயர் விழிப்புணர்வாம்.

கோட்டையூர் ரயில் (வெள்ளி, இரவு 11:03)

ஜேசிபி டிரைவரையே பபூனாப் போடுங்க. ரெண்டு செலவும் ஒண்ணாப் போகும்.

ஆர்மோனியம் (சனி, காலை 6:20)

தம்பிக்கு வணக்கம். நான் ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது கோயில் திருவிழாவில் ராத்திரி நடக்கும் புராண நாடகத்தில், இருபத்தாறு வருடமாக ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவன். ராத்திரி வேலை, அதனால் இப்போதுதான் படித்தேன்.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன எமதர்மனைப் பற்றி முதலில். அந்த வேஷம் போட்டவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. ஏன் போட்டார்கள் தெரியுமா? வேறு வேலை இல்லை. எங்களுக்கு மாசியில் ஆரம்பித்து ஆடிக்கு முன்னால் வரைதான் சீசன். கோயில் திருவிழா நடந்தால் நாடகம், நாடகம் நடந்தால் அடுப்பு. 2020 மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டார்கள், பங்குனி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும். என் டைரியில் வைகாசி முடிய அறுபத்தெட்டு தேதி எழுதியிருந்தேன். ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்தேன். பேனாவால் அடிக்க மனசு வரவில்லை. திரும்ப வரும் என்று ஒரு நினைப்பு. அட்வான்ஸ் வாங்கிய ஊர்களில் பாதிப் பேர் "இருக்கட்டும்ணே, அடுத்த வருசம் கழிச்சுக்கலாம்" என்றார்கள். அடுத்த வருசம் வைகாசியில் இரண்டாம் அலை. ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம் போடும் ஒரு தங்கச்சி நூறு நாள் வேலைக்குப் போனாள். பல மாவட்டங்களில் எங்கள் ஆட்கள் வேஷத்தோடேயே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தார்கள். அரிதாரம் பூசிக்கொண்டு அரிசி கேட்டு நிற்கிறார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? நாடகமா, போராட்டமா?

இன்னொன்று. நாடகத்தால் ஒன்றும் நடக்காது என்றால் வெள்ளைக்காரன் நாடக நடிகர் விஸ்வநாத தாஸை ஏன் திரும்பத் திரும்பச் சிறையில் போட்டான்? அவர் போட்டதும் நாங்கள் போடும் இதே வள்ளி திருமணம்தான். வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று பறவை விரட்டும் இடம் வருமில்லையா, ஆலோலம். அந்த இடத்தில் வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடுவார். எந்தக் கொக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஜனத்துக்குத் தெரியும், கொட்டகை வாசலில் நிற்கும் போலீசுக்கும் தெரியும். புராணத்தை ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை, பறவையின் நிறத்தைச் சொன்னால் போதும். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்தபடி மேடையிலேயே உயிர் போனது. இன்றைக்கும் எங்களில் மூத்தவர்கள் மேடை ஏறுமுன் சொல்லும் பெயர்களில் அவர் பெயரும் உண்டு.

கணக்குப்பிள்ளை (சனி, காலை 9:40)

அண்ணே, கொரோனாவில் உங்கள் கஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எமதர்மன் விஷயத்தில் வாய் நீண்டுவிட்டது, மன்னிக்கணும். ஆனால் தாஸ் காலத்தில் எதிரி யார் என்று எல்லாருக்கும் தெரியும், கொக்கு வெள்ளை. இந்தத் தம்பி ஊரில் கொக்கு என்ன நிறம்?

அரிமளம் வாத்தியார் (சனி, பிற்பகல் 2:10)

கணக்குப்பிள்ளை கேட்டதுதான் கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் இளம் ஆசிரியன். கலைப்பயணக் குழுவில் சேர்ந்தேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் சைக்கிளில் கிளம்பி ஏதாவது ஒரு ஊர் மந்தையில் நாடகம் போடுவோம். முதல் மாதம் நாங்கள் போட்டதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவன் கதை. கடைசியில் நான் நடுவில் வந்து நின்று "ஆகவே பெரியோர்களே, கல்வி கற்பீர்" என்பேன். கைதட்டுவார்கள், கலைந்து போவார்கள், மறுநாள் கற்றல் மையத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

திருமயம் பக்கம் ஒரு ஊரில், கல் குவாரியில் ஜல்லி உடைக்கிற ஒரு அம்மா, நாடகம் முடிந்ததும் எழுந்து நின்று சொன்னார்: "சார், கைநாட்டு வச்சா ஏமாத்துவாங்கன்னு எனக்குத் தெரியும். பகல்ல கல்லு உடைச்சு, ராத்திரி சோறாக்கி, அப்புறம் எந்த நேரத்துல படிக்கிறது? அதை நடிச்சுக் காட்டுங்க." எங்களிடம் அதற்கு வசனம் இல்லை. "நீங்களே வந்து காட்டுங்கம்மா" என்று யாரோ வாய்தவறிச் சொன்னோம். அவர் வந்தார். கையில் சுத்தியல் இருப்பது மாதிரி உட்கார்ந்து, உடைத்து, எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்பு ஊதி, புருஷனுக்கு வட்டில் வைத்து, அப்புறம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிலேட்டை எடுத்தார். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. பிறகு பெண்கள் ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்தார்கள், எங்களோடு அல்ல. எந்த நேரம் தோது, யார் வீட்டுத் திண்ணை, யார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்று. அந்த ஊரில் மையம் இரவு எட்டரைக்கு நடந்தது. அந்த மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதும், குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்ததும் பிற்பாடு ஊரறிந்த கதை. நாடகத்தால்தான் அது நடந்தது என்று நான் மார்தட்ட மாட்டேன். ஆனால் பேச்சு ஆரம்பித்த இடம் எனக்குத் தெரியும்.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் தன் கதை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். 1960-களில் அவருடைய குழு ஏழை விவசாயிகள் மத்தியில், கையில் துப்பாக்கியோடு "நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம்" என்று பாடி நடித்தது. முடிந்ததும் விர்ஜிலியோ என்ற விவசாயி கண்ணீரோடு வந்து, வாருங்கள், உங்கள் துப்பாக்கிகளோடு போய்ப் பண்ணை ஆட்களை விரட்டுவோம், அதற்கு முன் சாப்பிடலாம் என்று கூப்பிட்டார். அட்டைத் துப்பாக்கி ஐயா, சுடாது என்றார்கள். சரி, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, நீங்கள் ஆட்கள் நிஜந்தானே, வாருங்கள் என்றார். இவர்கள் முழித்தார்கள். நாங்கள் நிஜ நடிகர்கள், நிஜ விவசாயிகள் அல்ல என்று மென்று விழுங்கினார்கள். நீங்கள் சிந்துவோம் என்று பாடியது எங்கள் ரத்தத்தைத்தானா என்று அவர் கேட்டுவிட்டுப் போனார். தான் சேர்ந்து அனுபவிக்கத் தயாராக இல்லாத ஆபத்துக்கு அடுத்தவனைத் தூண்டும் நாடகத்தை அதன் பிறகு போவால் எழுதவில்லை. பார்ப்பவனே மேடையேறி முடிவை மாற்றும் நாடகத்துக்கு அவர் போனது அதற்குப் பிறகுதான்.

தம்பி, உங்கள் முக்கால் மணி நேர நாடகத்தில் வில்லன் யார்?

செம்மண்காரன் (சனி, மாலை 5:30)

ஐயா, ரியல் எஸ்டேட் முதலாளி. வெளியூர்க்காரர். கூலிங்கிளாஸ் போட்டிருப்பார்.

கோட்டையூர் ரயில் (சனி, மாலை 5:34)

கூலிங்கிளாஸ் போட்டா கெட்டவன். சரி.

ஆச்சி வீட்டுப் பேத்தி (சனி, இரவு 8:05)

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஆயா வீடு. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், கட்டிப்பிடித்தால் என் கை எட்டாது. சின்ன வயதில் பெருமையாக இருக்கும். பிறகு கல்லூரியில் வங்கப் பஞ்சத்தைப் பற்றிப் படித்தபோது அந்தத் தூண் பக்கத்தில் உட்காரவே ஒரு மாதிரி இருந்தது.

1930-களின் விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் கீழ் பர்மா நெல் நிலங்களில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நம் ஊர் லேவாதேவிக்காரர்கள் கைக்கு வந்துவிட்டது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் நம் ஆட்கள் பெட்டகத்தை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அந்த அகதிக் கதை எங்கள் வீடுகளில் இன்றும் ஓடும். அதே நேரத்தில் பர்மா அரிசி வங்காளத்துக்குப் போவது நின்றது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். புயல், போர்க்கால அரசின் கொள்கை, பதுக்கல் என்று பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு, அரிசி நின்றது அதில் ஒன்று. 1943-ல் செத்தவர்கள் ஏறக்குறைய முப்பது லட்சம்.

இதை இங்கே எழுதக் காரணம், கணக்குப்பிள்ளை சொன்ன "வயிறு நிறைந்தவர்கள் பேச்சு". அந்தப் பஞ்சத்தில் சித்தபிரசாத் என்ற ஓவியர் வங்காளத்து மிட்னாப்பூர் கிராமங்களில் நடந்தே திரிந்து, எலும்பும் தோலுமான மனிதர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். படங்களோடு வந்த அவருடைய புத்தகத்தைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து எரித்தது. ஒன்றுக்கும் உதவாத காகிதத்தை யாராவது எரிப்பார்களா? இந்திய மக்கள் நாடக மன்றம் 1943-ல் பம்பாயில் தொடங்கி, அடுத்த வருடம் பஞ்சத்தைப் பற்றிப் பிஜோன் பட்டாச்சார்யா எழுதிய நாடகத்தை மேடையேற்றியது. அவர்களுடைய குழு ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடி நிவாரண நிதி சேர்த்தது. துண்டு ஏந்தித்தான். ஆக, நாடகமா நிவாரணமா என்ற கேள்வியே அவர்களுக்கு வரவில்லை. ஒரு கையில் அது, மறு கையில் இது.

ஒரு குறை, நம் ஊரைப் பற்றி. சங்கீதத்துக்கும் நாடகக் கம்பெனிகளுக்கும் கம்பன் விழாவுக்கும் அள்ளிக் கொடுத்த ஊர் இது. ஆனால் வாங்குபவர் நம்மையே கேள்வி கேட்டால் கொடுப்போமா? உங்கள் நாடகத்துக்கு நாற்பதாயிரம் தருபவர்கள் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூலிங்கிளாஸ் வெளியூர்க்காரன் எப்படி உள்ளே வந்தான் என்று அப்போது புரியும்.

வழக்குக்கட்டு (சனி, இரவு 11:20)

சட்டப் பக்கம் சுருக்கமாக. நாடகத்தைத் தடுக்க வெள்ளைக்காரன் 1876-ல் ஒரு சட்டம் போட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை மாகாணம் 1954-ல் தனக்கென்று ஒன்று போட்டுக்கொண்டது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி போட்ட வழக்கில், கதையை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கச் சொன்ன பிரிவுகளை 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஒலிபெருக்கிக்கும் பந்தோபஸ்துக்கும் மட்டும் காவல் நிலையத்தில் மனுக் கொடுங்கள். கதையைக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டம் போனதால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. மதுக்கடையை எதிர்த்துப் பாடியதற்காகப் பாடகர் கோவன் 2015-ல் தேசத்துரோக வழக்கில் கைதானார். வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாத்தில் நாடகத்தின் நடுவே தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவர் மனைவி மொலோயஸ்ரீயும் குழுவும் அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார்கள். அந்த மூன்று நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வார்த்தை வராது.

நல்லூர்க்காரி (ஞாயிறு, காலை 7:45)

எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில் 1985-ல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைப் பற்றி அம்மா இன்றைக்கும் கதைப்பா. மேடையில் நடக்கிறதும் வீட்டில் நடக்கிறதும் ஒன்றாய் இருந்ததாம். அழுதுபோட்டு வீட்டுக்கு வந்து முதல் தடவையாய்ச் சண்டை நிலவரத்தை அப்பப்பாவோட கதைச்சவவாம். அதுக்கு முதல் வீட்டில் அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறதில்லை.

செம்மண்காரன் (ஞாயிறு, பகல் 12:15)

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நாடகம் போடலாம் என்றே தோன்றுகிறது. செலவைக் குறைக்க ஒரு யோசனை: நாங்கள் ஐந்து பேரும் சம்பளம் வாங்காமல் இலவசமாகவே போட்டுவிடுகிறோம்.

ஆர்மோனியம் (ஞாயிறு, பகல் 1:00)

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த "இலவசமா" என்ற வார்த்தையை ஊர்க்கூட்டத்தில் சொல்லாதீர்கள். உங்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது. நீங்கள் சும்மா ஆடினால் அடுத்த வருசம் எங்கள் நாடக ஏஜெண்டிடம் ஊர்க்காரர் கேட்பார், "படிச்ச பிள்ளைங்களே சும்மா போடுதுக, உங்களுக்கு எதுக்குய்யா இவ்வளவு?" நல்ல காரியத்துக்கு என்று கேட்டால் முதலில் கலைஞன் கூலியில்தான் கை வைப்பார்கள். கொரோனாவில் கை கழுவும் பாட்டுப் பாடச் சொல்லி எங்களை வேனில் ஏற்றிப் போனார்கள், இறக்கிவிடும்போது ஒரு சால்வை. சால்வையை உலையில் போட முடியுமா?

நான் ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர்த் திருவிழாவில் எப்படியும் வள்ளி திருமணம் உண்டு, அதற்குத் தனியாக வரி வசூலாகிவிடும். தனி மேடை, தனி மைக் உங்களுக்கு எதற்கு? ராத்திரி பத்தரைக்குப் பபூன் காட்சி. அந்த நேரத்தில் அவர் என்ன பேசினாலும் ஊர் கேட்கும். மாமியார் மருமகளைப் பேசலாம், ரேஷன் கடையைப் பேசலாம், கண்மாயைப் பேசலாம். எங்களுக்கு ஒத்திகை கிடையாது, அதனால்தான் அது ஸ்பெஷல். உங்கள் கதையைப் பபூனுக்கு அரை மணி நேரம் சொல்லுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். அவருக்கும் எனக்கும் பேசிய சம்பளத்துக்கு மேல் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. மிச்சக் காசை ஜேசிபிக்கே கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, பகல் 1:18)

முதல் தடவையாக இந்த இழையில் ஒரு பட்ஜெட்.

செம்மண்காரன் (ஐந்து வாரம் கழித்து, திங்கள் இரவு 9:30)

போட்டாச்சு. நடந்ததைச் சொல்கிறேன்.

பபூன் அண்ணனிடம் எங்கள் பிரதியைக் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டிவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "வில்லனை எடுத்துருங்க தம்பி. எனக்கு வழி மட்டும் தெரியலைன்னு வச்சுக்கங்க" என்றார்.

பத்தே முக்காலுக்கு வந்தார். ஆட்டம், பாட்டு, டான்ஸ் அக்காவோடு பத்து நிமிடம் வம்பு. முன்வரிசையில் பிள்ளைகள் பாதிப் பேர் தலையணையோடு சாய்ந்துவிட்டார்கள். அப்புறம் ஒரு கேன் தண்ணீரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, பெண் பார்க்க வந்திருக்கிறேன், இதுதான் சீர்வரிசை என்றார். சிரிப்பு. "வள்ளியக்கா தினைப்புனம் காக்கணும்னா தினை விளையணும், தினை விளைய தண்ணி வேணும். உங்க கண்மாய்க்குத் தண்ணி எந்தப் பக்கமா வரும்? நான் வெளியூரு, யாராச்சும் சொல்லுங்க" என்று மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

பிள்ளைகள் கத்தின. பெரியவர்கள் திருத்தினார்கள். ஒருவர் எழுந்து வந்து மணலில் குச்சியால் கோடு போட்டார், இன்னொருவர் அதை அழித்து வேறு கோடு போட்டார். கலுங்கு எது, மடை எது என்று ஒரே சண்டை. பபூன் அண்ணன் கோட்டின் மேலேயே, தண்ணீர் மாதிரி, வளைந்து வளைந்து நடந்தார். ஒவ்வொரு இடத்திலும் நின்று, "இங்கிட்டா? அங்கிட்டா?" ஊரே வழி சொன்னது. நான் பந்தக்கால் ஓரம் நின்று செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கடலை விற்கிற அப்பத்தா சொன்னது: "புளியமரம் தாண்டி வடக்க திரும்பும். இப்பத் திரும்பாது. அங்கன காம்பவுண்டு நிக்கிது."

"யார் வீட்டு காம்பவுண்டு ஆத்தா?"

அவர் என்னைக் கை காட்டினார். "இந்தா படம் புடிச்சுக்கிட்டு நிக்கிறானே, இவன் பெரியப்பன் வீட்டுது."

ஆர்மோனியம் அண்ணன் பெட்டியில் ஒரே ஒரு சுரத்தை நீளமாக அழுத்தினார். ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பெரியப்பா மூன்றாவது வரிசையில் நாற்காலியில் இருந்தார். எழுந்து போகவில்லை, சிரிக்கவும் இல்லை. வள்ளி வருவதற்கு முன்னால் போய்விட்டார்.

எனக்கு அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியும். சின்ன வயதில் அதன் மேல் நடந்திருக்கிறேன். அது வரத்துக்கால் மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரியாதா, தெரிந்தே கூலிங்கிளாஸ்காரனை எழுதினேனா என்று இன்னும் எனக்கே விளங்கவில்லை.

அரிமளம் வாத்தியார் (திங்கள், இரவு 9:50)

உங்கள் ஊர்க் கொக்கின் நிறம் தெரிந்துவிட்டது தம்பி.

கணக்குப்பிள்ளை (திங்கள், இரவு 10:05)

அதெல்லாம் சரி. சுவர்?

செம்மண்காரன் (திங்கள், இரவு 10:20)

நிற்கிறது. பெரியப்பா என்னோடு பேசுவதில்லை, அம்மாவோடும் பேசுவதில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள், ஜேசிபியும் இரண்டு நாள் ஓடியது. புளியமரம் வரைக்கும் கால் சுத்தமாக இருக்கிறது. அதற்கு மேல் அளப்பதற்கு சர்வேயருக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து பெரியப்பா மகன், என் அண்ணன்.

கோட்டையூர் ரயில் (திங்கள், இரவு 10:24)

மழை வந்தா தண்ணி புளியமரம் வரைக்கும் வந்து நின்னு வழி கேக்கும்.

ஆர்மோனியம் (செவ்வாய், காலை 6:05)

தம்பி, நல்லபடியாக நடந்தது, சந்தோஷம். பபூன் அண்ணனுக்குப் பேசிய ஆயிரத்து ஐந்நூறு இன்னும் வரவில்லையாம். அவர் கேட்க மாட்டார், அதனால் நான் கேட்கிறேன்.

செம்மண்காரன் (செவ்வாய், காலை 6:40)

ஐயோ அண்ணே, மறந்தே போனேன். இப்போதுதான் ஜிபே பண்ணினேன், பார்க்கச் சொல்லுங்கள்.